கீல் ஆடிய துப்பாக்கி

அந்தத் துப்பாக்கி முதல் தடவை என் பட்டறைக்கு வந்தபோது அதோடு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் சீருடை போட்ட காவல்காரர், தெலுங்கர், ஐம்பதைத் தாண்டியவர். துப்பாக்கி எங்கே போனாலும் கூடவே போவதுதான் அவர் வேலை. இன்னொருவர் மழைக்கோட்டும் சேறு அப்பிய ரப்பர் பூட்ஸுமாக வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வந்தால் தரை அழுக்காகிவிடுமே என்று தயங்குகிறார் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. இரும்புத்தூளும் எண்ணெயுமாகக் கிடக்கும் அந்தத் தரையைப் பற்றி அதுவரை யாரும் கவலைப்பட்டதில்லை.

"மிஸ்திரி ஹை க்யா?" மிஸ்திரி இருக்கிறாரா என்று வாசலிலிருந்தே கேட்டார்.

"நான்தான் மிஸ்திரி," என்று நானும் இந்தியிலேயே சொன்னேன்.

அவர் நம்பவில்லை. என் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே லேத் மிஷினும், சுவரில் மாதா கோயில் காலண்டரும்தான் இருந்தன. காலண்டரில் தமிழ் எழுத்தைப் பார்த்ததும் முகம் மாறியது. "தமிழா நீங்க? மொதல்லயே சொல்லியிருக்கலாமே!"

போர்ட் பிளேரில் இது சாதாரணம். இரண்டு தமிழர்கள் அரைமணி நேரம் இந்தியில் பேரம் பேசிவிட்டுப் பிறகு ஒருவரையொருவர் கண்டுபிடிப்பார்கள்.

பட்டறை டெலானிபூர் சரிவில் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கப்பல் எஞ்சின் ஃபிட்டராக இங்கே வந்தவர். பிறகு துப்பாக்கி பழுதுபார்க்கும் லைசென்ஸும் வாங்கினார். நான் ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தேன், வகுப்பில் ஒரே பெண். அப்பா போனபிறகு அந்த லைசென்ஸை என் பேருக்கு மாற்ற இரண்டு வருஷம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தேன். வந்ததெல்லாம் பயிரைக் காக்க வைத்திருக்கும் விவசாயிகளின் துப்பாக்கிகளும் பாங்க் காவலாளிகளின் துப்பாக்கிகளும்தான். மாதத்துக்கு நாலைந்து. மற்ற நாட்களில் படகுகளுக்கு ஷாப்டு கடைந்தேன். அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. கல்யாணப் பேச்சை அம்மா நிறுத்தி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

மழைக்கோட்டுக்காரர் விமானநிலையத்தில் பறவை விரட்டுகிறவர். ஒப்பந்த வேலை. மழை விட்டதும் ரன்வே ஓரத்துப் புல்லிலிருந்து ஈசல் கிளம்பும். ஈசலைத் தின்ன உண்ணிக்கொக்குகள் கூட்டம் கூட்டமாக இறங்கும், மைனாக்கள் வரும். அந்த நேரம் பார்த்துத்தான் மெயின்லேண்டிலிருந்து விமானமும் வரும். ஒரு கொக்கு எஞ்சினுக்குள் போனால் போதும். அதனால் அவர் புல்வெளியில் நின்று பட்டாசுத் தோட்டாவை வானத்தைப் பார்த்துச் சுடுவார். அது மேலே போய் வெடிக்கும். பறவைகள் சிதறிப் பறந்துவிடும்.

"இந்த அஞ்சு வருசத்துல ஒரு எறகுகூட கீழ விழுந்ததில்லைங்க," என்றார். துப்பாக்கி வைத்திருக்கிற ஆள் இதைப் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

துப்பாக்கியைக் கையில் வாங்கினேன். இரண்டு குழல்களும் ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்த வகை. இங்கே அபூர்வம். விவசாயிகளிடம் இருப்பதெல்லாம் குழல்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருப்பவை. இரண்டுமே நடுவில் கதவுபோல மடங்கித் திறக்கும். குழலின் அடியில் ஒரு கொக்கி இருக்கும். உடல் பகுதியில் குறுக்கே ஓடும் ஒரு கனத்த ஆணியை அந்தக் கொக்கி கவ்விக்கொண்டு சுழலும். அதுதான் கீல். திறந்து தோட்டா போட்டு மூடும் ஒவ்வொரு தடவையும் கொக்கி அந்த ஆணியில் தேய்கிறது.

குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய துப்பாக்கியைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கினேன். டக், டக் என்றது. திறப்பதற்காக மேலே இருக்கும் லீவர் புதுத் துப்பாக்கியில் கொஞ்சம் வலப்பக்கமாக நிற்கவேண்டும். இதில் நடுவைத் தாண்டி இடப்பக்கம் போயிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். குழலுக்கும் அது வந்து மோதும் முகப்புக்கும் நடுவில் மயிரிழை மாதிரி வெளிச்சம். காவல்காரரிடம் ஒரு சிகரெட் தாள் வாங்கி இடையில் வைத்து மூடினேன். பிடிக்கவில்லை, உருவினால் வழுக்கிக்கொண்டு வந்தது.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறந்து மூடுவீங்க?"

"ஈசல் நாளுன்னா கணக்கில்லைங்க. மேடம், இது சரியாகுமா? கண்டெம் பண்ணித் தூக்கிப் போட்டுருவாங்களோன்னு பயமா இருக்கு."

சரியாகும் என்றேன். மெயின்லேண்டுக்கு அனுப்பினால் கப்பலில் போய் வர இரண்டு மாதம் ஆகும். நான் மூன்று நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னேன். யாரும் மூன்று நாள் கேட்கவில்லை. நானேதான் சொன்னேன். சர்க்கார் துப்பாக்கி என் பட்டறைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

பழைய ஆணியைத் தட்டி எடுத்தேன். துளையைச் சுத்தம் செய்து, கொஞ்சம் பருமனான புது ஆணியை லேத்தில் கடைந்தேன். அதற்கான எஃகுக் கம்பியைக் கடைவீதியில் ஒரு கடையில் வாங்கியிருந்தேன். நுனியில் கெட்டி எஃகுக்கான நிறத்தில் பெயிண்ட் அடித்திருந்தது. அந்த நிறத்தை நம்பினேன். அரத்தால் ஒரு தடவை உரசிப் பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். அரை நிமிஷ வேலை. செய்யவில்லை.

மூன்றாம் நாள் மாலை துப்பாக்கியை மூடிக் காட்டினேன். அவர் கையில் வாங்கி இரண்டு தடவை திறந்து மூடினார். வலது கையால் ஒரு சொடுக்குச் சொடுக்கினார். குழல் மேலே எழும்பி 'டப்' என்று போய் உட்கார்ந்தது.

"புதுசு மாதிரி இருக்குங்க," என்று சிரித்தார். நான் சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன். அந்தச் சொடுக்கைப் பார்த்தேன். அப்படி மூடக்கூடாது என்று சொல்ல நினைத்தேன். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

ஆறு வாரம் கழித்து விமானநிலையத்திலிருந்து ரிஜிஸ்டர் தபால் வந்தது. நீங்கள் பழுதுபார்த்த துப்பாக்கி பணியின்போது செயலிழந்தது, உங்கள் லைசென்ஸ் குறித்து ஏன் மேலே எழுதக்கூடாது, ஏழு நாளில் விளக்கம் தரவும் என்று இருந்தது. கூடவே ஒரு பக்கம் இணைத்திருந்தார்கள். அவர் எழுதிக்கொடுத்த அறிக்கை. நாலே வரி. தோட்டா மாற்றத் திறந்தபோது துப்பாக்கி பாதி திறந்த நிலையில் சிக்கிவிட்டது. சுட முடியவில்லை. கீல் ஆணியில் கோளாறு இருப்பதாகத் தெரிகிறது. ஓடிப் பறவைகளை விரட்டினேன், விமானம் ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்கியது.

அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துக் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். இங்கிலீஷ் அவளுக்கு அரைகுறைதான். ஆனால் என் பெயர் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணிவிட்டாள்.

"ஏட்டி, அந்தப் பய இங்க உக்காந்து காப்பி குடிச்சிட்டுத்தான போனான்? அவனுக்கு என்னத்துக்கு ஒம்மேல இம்புட்டுக் காட்டம்?"

மறுநாள் காலையில் துப்பாக்கியோடு இரண்டு பேரும் வந்தார்கள். காவல்காரர் வழக்கமான ஸ்டூலில் உட்கார்ந்து கொட்டாவி விட்டார். அறிக்கை எழுதியவர் வாசலில் நின்றார்.

நான் கத்தினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. "கீல் ஆணியில கோளாறுன்னு எழுதுறதுக்கு நீங்க என்ன மிஸ்திரியா? ஒத்தக் கையால சொடுக்கிச் சொடுக்கி மூடினது யாரு? உங்க தப்ப எங்க தலையில கட்டுதீயளா?" கோபம் வந்தால் எனக்கு அம்மாவின் பேச்சு வந்துவிடும்.

நான் முடிக்கும்வரை அவர் காத்திருந்தார். பிறகு, "பாத்துட்டுத் திட்டுங்க மேடம். என் தப்பா இருந்தா நானே திரும்ப எழுதித் தர்றேன்," என்றார்.

துப்பாக்கியைப் பிரித்தேன். கோபத்தில் வேகமாகத்தான் பிரித்தேன். ஆணியைத் தட்டி வெளியே எடுத்ததுமே கை நிதானமாகிவிட்டது. உருண்டையாக இருக்கவேண்டிய ஆணியில் ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருந்தது. உரிந்த உலோகம் செதில் செதிலாக எழும்பி, அதில் ஒரு செதில்தான் கொக்கிக்கும் ஆணிக்கும் நடுவில் போய் மாட்டிக்கொண்டிருந்தது. அரத்தை எடுத்து நுனியில் ஒரு இழுப்பு இழுத்தேன். கெட்டி எஃகு என்றால் அரம் வழுக்கும். இதில் சோப்புக் கட்டியில் போவதுபோலப் போயிற்று.

சாதாரண இரும்பு. மேலே பெயிண்ட் மட்டும் எஃகு.

காவல்காரருக்குக்கூடத் தூக்கம் போய்விட்டது.

"கோளாறு ஆணியிலதான்," என்றேன்.

"கடைக்காரன் ஏமாத்திட்டானுங்களா?"

"அவன் என்ன குடுத்தாலும், போடறதுக்கு முன்னால நான் பாத்திருக்கணும்ல."

அன்று சாயங்காலமே விளக்கம் எழுதினேன். கம்பியைச் சோதிக்காமல் போட்டது என் தவறு, துப்பாக்கியைப் பயன்படுத்தியவர் எழுதியது முழுக்கச் சரி, என் செலவில் திரும்பச் செய்து தருகிறேன் என்று எழுதினேன். அம்மா வாசித்துவிட்டு, "கடைக்காரன் பேரையாவது போடேன்," என்றாள். போடவில்லை. நேரே விமானநிலையத்துக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். லைசென்ஸ் போகும் என்றுதான் நினைத்தேன். அதிகாரி அதை வாசித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இப்படி ஒரு விளக்கம் என் சர்வீஸில் வந்ததில்லை," என்றார். பத்து நாளில் உத்தரவு வந்தது. லைசென்ஸ் இருக்கட்டும். எஃகு சோதனைச் சான்றிதழோடு வரவேண்டும். வேலை முழுவதும் துப்பாக்கியைப் பயன்படுத்துகிறவர் முன்னிலையில் நடக்கவேண்டும்.

எஃகை சென்னையில் இருக்கும் என் தம்பி வாங்கிக் கப்பலில் போட்டான். கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று கப்பல் ஒரு வாரம் அங்கேயே நின்றது. அதுவரை அவர் கையில் துப்பாக்கி இல்லை.

அந்த நாட்களில் ஒரு காலை, பத்துபஸ்தியில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். மொட்டை மாடியில் நின்றால் ரன்வேயின் ஒரு முனை தெரியும். ராத்திரி பெய்த மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. புல் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். அவற்றின் நடுவில் ஒரு ஆள் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடினார். கொக்குகள் எழும்பி இருபது அடி தள்ளி உட்கார்ந்தன. திரும்ப ஓடினார். இந்தத் தடவை மழைக்கோட்டைக் கழற்றி இரண்டு கையாலும் தலைக்குமேல் வீசினார். ஒரு இடத்தில் வழுக்கி விழுந்து எழுந்தார். விமானம் கடல் பக்கமிருந்து தாழ வந்தபோது ரன்வேயில் ஒரு பறவைகூட இல்லை. அவர் புல்லில் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். சித்தி துணி உலர்த்திக்கொண்டே, "இந்த ஆளு தெனமும் இப்படித்தான் ஓடுதான், பாவம்," என்றாள். என்னால்தான் ஓடுகிறார் என்று நான் சொல்லவில்லை. துணிகளை எடுத்து உதறிக்கொடுத்தேன்.

கப்பல் வந்தது. வேலை நாலு நாள் நடந்தது.

முதல் நாள் கம்பியின் நுனியில் அரம் வைத்தேன். அரம் வழுக்கியது. அதை அவர் கையில் கொடுத்து அவரையும் உரசிப் பார்க்கச் சொன்னேன். அவர் மிகுந்த மரியாதையோடு உரசிப் பார்த்தார். காவல்காரர் "டீக் ஹை, தீதி," என்று ஒப்புதலாகச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

ஆணி கடைவது பெரிய வேலை இல்லை. மெதுவான வேலை கொக்கியில்தான். சாதாரண இரும்பின் செதில் உரசி அதன் உள்வளைவும் கீறியிருந்தது. கொஞ்சம் வெல்டிங் வைத்து நிரப்பி, திரும்ப அரத்தால் வளைவு எடுக்கவேண்டும். சிம்னி விளக்கின் கரியை ஆணியில் பூசி, குழலை மாட்டி மூடித் திறந்தால் கொக்கியில் எங்கெல்லாம் ஆணி தொடுகிறதோ அங்கெல்லாம் கறுப்பு ஒட்டியிருக்கும். அந்த இடத்தில் மட்டும் அரம் ஒரு இழுப்பு. துடை, கரி பூசு, மூடு, திற. முதலில் இரண்டு புள்ளிகள்தான் கறுக்கும். அப்புறம் நாலு. வளைவு முழுவதும் ஒரே சீராகக் கறுக்கும்வரை விடக்கூடாது. அவசரத்தில் ஒரு இழுப்பு கூடிவிட்டால் திரும்ப வெல்டிங்கிலிருந்து தொடங்கவேண்டும்.

அவர் விளக்கைப் பிடித்துக்கொண்டார். யாரும் பிடிக்கச் சொல்லவில்லை. சும்மா உட்கார அவருக்கு வராது என்று முதல் மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது.

இரண்டாம் நாள் நான் கேட்டேன்: "அன்னைக்குத் துப்பாக்கி சிக்கிக்கிட்டப்ப என்ன நெனச்சீங்க?"

"மொதல்ல வெமானத்த. அப்பறம், ஓடும்போது, உங்கள."

"என்னையா?"

"இத எழுதினா உங்களுக்குச் சங்கடம் வரும்னு ஓடும்போதே தெரிஞ்சுதுங்க. நீங்க நல்லபடியா காப்பி எல்லாம் குடுத்தீங்க. ஆனா எழுதலைன்னா அந்த ஆணி அங்கேயேதானே இருக்கும்? அடுத்த தடவ என்ன ஆகும்?"

அரத்தைக் கீழே வைத்தேன். என் வேலையைப் பற்றி எனக்கு இருக்கவேண்டிய கவலை இந்த ஆளுக்கு இருந்திருக்கிறது என்று நினைத்தேன். திரும்ப அரத்தை எடுத்தேன். அவர் விளக்கைக் கொக்கிக்குப் பக்கத்தில் நகர்த்தினார்.

தன்னைப் பற்றி அவர் கேட்காமல் சொல்லமாட்டார். கேட்டால் எல்லாம் சொல்லுவார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம். நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். அங்கேதான் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் ரப்பர் பால் வெட்டப் போனால் வீட்டில் அவரைப் பார்த்துக்கொண்டது அக்காதான். சுனாமியில் இரண்டு பேரும் போய்விட்டார்கள். அக்கா மட்டும்தான் மிச்சம். அவள் இப்போது வடக்கே லாங் ஐலண்ட் தீவில் இருக்கிறாள். அவருக்கு வயது நாற்பது, கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. என்னிடம் அவரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் நான் மூடும் விஷயத்தைப் பேசினேன். சொடுக்கி மூடும்போது குழலின் எடை முழுக்க ஒரே அடியாகக் கீலில் இறங்குகிறது. எவ்வளவு நல்ல எஃகாக இருந்தாலும் தாங்காது. ஒரு கை குழலின் அடியில், ஒரு கை கட்டையில், இரண்டையும் சேர்த்துக் கொண்டுவந்து மூடவேண்டும். லீவர் தானாக வந்து உட்காரும்.

"செய்யலாம்ங்க. ஆனா அந்தக் கைதான் அடுத்த தோட்டாவத் தேடிட்டு இருக்கும். தோட்டா கால்சட்டைப் பையில இருக்கு. மேல மழைக்கோட்டு. குனிஞ்சு கைய விட்டுத் தேடறதுக்குள்ள கொக்கு எறங்கிரும்."

இது எனக்குத் தோன்றவே இல்லை. கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், கோளாறு பையில் இருந்தது. அப்போது அம்மா மாடி வீட்டிலிருந்து காப்பியோடு கீழே வந்தாள். முதல் இரண்டு நாளும் டம்ளரை என் மேஜையில் வைத்துவிட்டு அவரைப் பார்க்காமல் போனவள். இப்போது நின்று கேட்டாள். அப்படியே மேலே போனாள். மறுநாள் காலை படகுப் பாய்த்துணியில் ஒரு பை தைத்துக்கொண்டு வந்தாள். மழைக்கோட்டுக்கு மேலேயே நெஞ்சில் மாட்டிக்கொள்கிற மாதிரி, பத்துத் தோட்டாக்களுக்குப் பத்துக் கூடு, மேலே நனையாமல் இருக்க ஒரு மூடி.

"மாட்டிப் பாருமய்யா, இறுக்கமா இருக்கான்னு," என்றாள்.

அவர் மாட்டிக்கொண்டு பட்டறையின் நடுவில் நின்று, வெற்றுத் தோட்டாக்களை எடுத்துப் போட்டு, இரண்டு கையாலும் மூடிப் பழகினார். திற, எடு, போடு, மூடு. முதலில் பழைய சொடுக்கு வந்துவிடும், நாக்கைக் கடித்துக்கொள்வார். மத்தியானத்துக்குள் பழகிவிட்டது. காவல்காரர் விழித்துப் பார்த்துக் கை தட்டினார்.

நாலாம் நாள் சாயங்காலம் கொக்கி முழுவதும் ஒரே சீராகக் கறுத்தது. கரியைத் துடைத்து, பச்சரிசி அளவு கிரீஸ் தடவி, முன்கட்டையை மாட்டாமலே மூடினேன். காதில் வைத்துக் குலுக்கினேன். சத்தமில்லை. அவரிடம் கொடுத்தேன். அவரும் குலுக்கினார். சிகரெட் தாளை வைத்து மூடி இழுத்தோம். தாள் கிழிந்தது, வரவில்லை. லீவர் வலப்பக்கம் ஒரு விரல்கடை தள்ளி நின்றது.

"இனிமே ஒவ்வொரு நாளும் பழைய கிரீஸைத் துடைச்சிட்டுத்தான் புதுசு வைக்கணும். உப்புக்காத்து, மண்ணு எல்லாம் அதுல ஒட்டிக்கிட்டா எமரித்தாள் மாதிரி அதுவே தேய்க்கும். மேல மேல அப்பக்கூடாது."

"சரிங்க."

"ஏதாவது சத்தம் வந்தா உடனே கொண்டுவாங்க. அறிக்கை எழுதிட்டே கொண்டுவாங்க, பரவாயில்லை."

அவர் சிரித்தார். துப்பாக்கியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். பட்டறை திடீரென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. அம்மா டம்ளர்களை எடுக்க வந்தாள். என்னைப் பார்த்தாள். டம்ளர்களை அடுக்கிக்கொண்டு மேலே போனாள்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வந்தார். துப்பாக்கி இல்லை, காவல்காரர் இல்லை. மழைக்கோட்டு இல்லாமல் அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இஸ்திரி போட்ட சட்டை. நான் பதறிப்போய், "என்னாச்சு? திரும்பச் சத்தம் வருதா?" என்றேன்.

"இல்லிங்க. நல்லா இருக்கு. அதச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

சொல்லிவிட்டு நின்றார். நானும் நின்றேன். பிறகு காப்பி குடித்தோம். அடுத்த ஞாயிறும் வந்தார். துப்பாக்கி அப்போதும் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது ஞாயிறு அவர் வாயைத் திறப்பதற்குமுன் அம்மா மாடியிலிருந்தே சொன்னாள்: "துப்பாக்கி நல்லாத்தாம்யா இருக்கு, அது எங்களுக்குத் தெரியும். நீரு வந்த காரியத்தச் சொல்லும்."

அவர் முகம் சிவந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, அம்மாவுக்கும் கேட்கும்படியாகவே சொன்னார். "எனக்கு ஒப்பந்த வேலைதாங்க. வருசா வருசம் புதுப்பிக்கணும். சொந்த வீடு கெடையாது. சாமியும் வேற. இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு நீங்க யோசிச்சுச் சொன்னாப் போதும். இல்லைன்னாலும் துப்பாக்கி உங்ககிட்டதான் வரும்."

நான் யோசிக்க ஒன்றுமில்லை என்றேன். அம்மாதான் யோசித்தாள். ஒரு வாரம் யோசித்தாள். கடைசியில் கேட்டது ஒரே கேள்வி: "ஞாயித்துக்கெழம பூசைக்கு இவகூட வருவீரா?"

"காலையில வெமானம் இருக்குங்க. சாயங்காலப் பூசைன்னா வர்றேன். உக்காந்துதான் இருப்பேன், மண்டி போடமாட்டேன். பரவாயில்லீங்களா?"

அந்தப் பதிலில் அம்மாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன். வருகிறேன் வருகிறேன் என்று தலையாட்டிவிட்டுப் பிறகு வராமலிருக்கும் மாப்பிள்ளைகளை அவள் எங்கள் சொந்தத்திலேயே நிறையப் பார்த்திருந்தாள்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று பேரும் படகில் லாங் ஐலண்டுக்குப் போனோம். அவருடைய அக்கா ஜெட்டியில் காத்திருந்தாள். ஒல்லியான, உயரமான பெண். என் கையைப் பிடித்துப் பார்த்தாள். விரலிடுக்கில் போகாத எண்ணெய்க் கறுப்பையும் அரம் பிடித்துக் காய்த்த இடத்தையும் கட்டைவிரலால் தடவினாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. கிளம்புவதற்கு முன் எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

"தம்பி ஒங்க மேல பிராது எழுதிட்டானாமே?" என்றாள்.

"எழுதினாரு. சரியாத்தான் எழுதினாரு."

"இனிமேயும் எழுதுவான்ங்க அவன். சின்னதுலயே அப்படித்தான். நான் கஞ்சியில உப்பு மறந்துட்டேன்னா பக்கத்து லயத்து வீட்டுல போய்ச் சொல்லிட்டு வருவான். ஒரு பொய் சொல்லவராது. அதனாலேயே ரெண்டு எடத்துல பொண்ணு தட்டிப்போச்சு. ஒங்களுக்குத் தாங்குமா?"

"அக்கா," என்றார் அவர்.

"நீ சும்மா இருடா. நான் அவங்களக் கேக்குறேன்."

தாங்கும் என்றேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாங்க சாப்பிடலாம் என்று அழைத்துப் போனாள்.

மீன் குழம்பு யார் வைப்பது என்பதில் அம்மாவுக்கும் அவளுக்கும் ஒரு சின்னப் போட்டி நடந்தது. அம்மா சொல்வதில் பாதி அவளுக்குப் புரியவில்லை. அவள் சொல்வதில் பாதி அம்மாவுக்குப் புரியவில்லை. இரண்டு பேரும் தமிழைவிட்டு இந்திக்குப் போய், அங்கேயும் சரிவராமல் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். கடைசியில் அம்மா தேங்காய் அரைத்தாள், அக்கா குழம்பைக் கூட்டினாள். அவரும் நானும் பின்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தோம். உள்ளே அம்மா, "ஒந்தம்பி நல்லாத் திம்பானா?" என்று கேட்பது காதில் விழுந்தது. "போடப்போட," என்றாள் அக்கா.